ஆறுச்சாமி கொண்டுபோன கோடிச் சேலை

ஆறுச்சாமி போலீஸ்காரன் ஆனதில் அவனுடைய பங்கு கொஞ்சம்தான். முக்கால்வாசி அவன் அக்கா கமலாத்தாளின் வேலை. அம்மா செத்தபோது அவன் இடுப்புக் குழந்தை. அக்காதான் சோறு ஊட்டினாள், பேன் பார்த்தாள், முதுகில் இரண்டு வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினாள். மலையாளம் எழுதப் படிக்கக் கற்றே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதும் அவளே.

"தமிழு ஊட்டுல பேசிக்கலாம். ஆப்பீசுல போயி நிக்கோணும்னா மலையாளம் வேணும்" என்பாள். அவளுக்கு அந்தப் பாஷையில் நாலு வார்த்தைகூடச் சேர்ந்தாற்போல் வராது.

கேரள எல்லைக்குள் இருக்கிற பெருமாட்டிப் பக்கம் சின்னையனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தபோது, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஒரே போடாகப் போட்டாள். "என்ற தம்பி எங்கூடத்தான் வருவான். முடியாதுன்னா இப்பவே சொல்லிப் போடுங்க." மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சின்னையன் மட்டும் சிரித்தான். "வரட்டுமே, தென்னைக்குத் தண்ணி கட்ட ஓராளாச்சு" என்றான். தண்ணீர் கட்டினானோ இல்லையோ, ஆறுச்சாமி அந்த வீட்டில் வயிறு நிறையத் தின்று வளர்ந்தான். கமலாத்தாளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, இருக்கிற தம்பியே போதும் என்று விட்டுவிட்டாள். மச்சான் வாங்கிக் கொடுத்த சைக்கிளை மிதித்துக்கொண்டுதான் அவன் போலீஸ் ஆள் எடுப்புக்குப் போனான். காக்கி உடுப்போடு முதல் தடவை வந்து நின்றபோது கமலாத்தாள் அவனை வாசலிலேயே நிறுத்தி, உப்பு மிளகாய் சுற்றிப் போட்ட பிறகுதான் உள்ளே விட்டாள்.

போலீஸில் அவன் எப்படி என்று கேட்டால், கெட்டவன் கிடையாது. பெட்டிக்கடையில் ஓசிப் பீடி வாங்க மாட்டான், சந்தைக்காரிகளிடம் கை நீட்ட மாட்டான். ஒரே ஒரு குறை: மேலே இருப்பவர் சொல்லிவிட்டால் அவனுக்கு மறுபேச்சு வராது. நாக்கு உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். தங்கமான பையன், சொன்ன சொல் தட்ட மாட்டான் என்று ஸ்டேஷனில் பேர் எடுத்திருந்தான். அந்தப் பேரைக் கேட்டு அவனும் பூரித்துக்கொண்டிருந்தான், பாவம்.

எழுபத்து நாலாம் வருஷம், தை மாதம். சபரிமலைக் கூட்டத்துக்குக் காவல் என்று அவனைப் பீர்மேட்டு மலை ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். பனியில் விறைத்துக்கொண்டு அவன் பஸ்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்த நாட்களில் இங்கே சின்னையன் வயலில் மண்வெட்டியோடு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. தந்தி ஸ்டேஷனுக்கு வந்தது, ஸ்டேஷனிலேயே கிடந்தது. அவன் திரும்பி வந்தபோது மச்சான் சாம்பலாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. கையில் தந்தியோடு எஸ்.ஐ. முன்னால் போய் நின்றான். எஸ்.ஐ. தெற்கேயிருந்து வந்தவர், மலையாளத்திலேயே பதில் சொன்னார். போனவன் போய்விட்டான், இனி ஓடி என்ன ஆகப்போகிறது, கருமாதிக்கு ஒரு நாள் லீவு தருகிறேன், போ.

ஆறுச்சாமி ஸ்டேஷன் பின்னாலிருந்த கிணற்றடிக்குப் போய்க் குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு மூஞ்சியைக் கழுவிக்கொண்டு டியூட்டிக்குப் போனான்.

ஒரு விஷயத்தில் அவன் மனசைத் தேற்றிக்கொண்டான். கருமாதியன்றைக்குக் கோடி போட வேண்டியவன் அவன்தான். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் புதுச் சேலை கொண்டுவந்து போடுவான், அதுதான் கோடி. அதைக் கட்டிக்கொண்டுதான் அவள் மிச்ச வாழ்க்கைக்குள் போக வேண்டும். உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று பிறந்த வீடு ஊர் முன்னால் சொல்கிற இடம் அது ஒன்றுதான். கோடி வராதவள் நாதியற்றவள். அந்த வீட்டில் தாலி கட்டிக்கொள்ளும் முன்பே தம்பிக்காக வாதாடியவளுக்கு நல்ல கோடியாகப் போட வேண்டும் என்று டியூட்டி விஷயமாகப் பொள்ளாச்சிக்குப் போன இடத்தில் வெள்ளைச் சேலை ஒன்று எடுத்துவந்து பெட்டியில் வைத்தான்.

இனி அரிசி விஷயத்துக்கு வருவோம். அந்த நாளில் அரிசிக்கு அப்படி ஒரு பஞ்சம். எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் கடத்தல், வீட்டில் கூடுதலாக வைத்திருந்தால் பதுக்கல். பெண்கள் சேலைக்குள் அரிசிப் பை கட்டிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நடந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைக் கடந்துகொண்டிருந்த காலம். ஆனால் பெருமாட்டி ஜனங்களுக்குப் பாதிச் சொந்தம் எல்லைக்கு அந்தப் பக்கம். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கருமாதிச் சோறு செத்தவன் வீட்டு அரிசியில் வேகக் கூடாது, ஒறமுறை, அதாவது சொந்தபந்தம் கொண்டுவருகிற அரிசியில்தான் வேக வேண்டும். அதனால் துக்கம் கேட்க வருகிற ஒவ்வொரு குடும்பமும் மடியில் ஒரு படி அரிசி கட்டிக்கொண்டு வந்து, அந்த வீட்டு மொடாப் பானையில் கொட்டிவிட்டுத்தான் உட்கார்ந்து அழும். பஞ்சம் என்பதற்காக யாரும் விட்டுவிடவில்லை. அரை வயிறு தின்றாவது அந்தப் படி அரிசியைக் கொண்டுவந்தார்கள். சின்னையன் நாலு பேருக்கு நல்லது செய்தவன், மொடா இரண்டு நிரம்பிவிட்டது.

பொள்ளாச்சி ரோட்டிலிருந்து தினமும் பெண்கள் மடிக்கனத்தோடு ஒரே வீட்டுக்குள் போகிறார்கள், வெறும் மடியோடு வெளியே வருகிறார்கள். எவனோ ஒரு புண்ணியவான் இதைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனில் போய் ஊதிவிட்டான். அந்தப் பெண்கள் உள்ளே போய் மாரடித்து அழுதது மட்டும் அவன் காதில் விழவில்லை போலிருக்கிறது.

கருமாதிக்கு மூன்று நாள் இருக்கும்போது, விடிந்தும் விடியாத நேரத்தில் ஆறுச்சாமியை ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். எங்கே என்று சொல்லவில்லை. ஒரு பதுக்கல் வீடு, நல்ல துப்பு என்றார் எஸ்.ஐ. ஜீப் கால்வாய்க் கரையில் திரும்பித் தென்னந்தோப்புக்குள் நுழைந்தபோது அவன் எஸ்.ஐ. பக்கம் திரும்பினான்.

"ஏமானே, இது எழவு வீடு. என்னுடைய அக்கா வீடு" என்று தெரிந்த மலையாளத்தையெல்லாம் திரட்டிச் சொன்னான். அந்த அரிசி என்ன அரிசி என்று சொல்லவும் வாயெடுத்தான்.

எஸ்.ஐ. சிரித்தார். அப்படியானால் நல்லதாகப் போயிற்று, எது எங்கே இருக்கும் என்று உனக்குத் தெரியுமே, நீயே முன்னால் போய்க் கதவைத் தட்டு என்றார்.

அவன் மாட்டேன் என்றிருக்கலாம். இதைப் பின்னாளில் எத்தனையோ பேர் அவனிடமே சொல்லியிருக்கிறார்கள், சொல்வது சுலபம்தானே. அந்த நேரத்தில் நாக்கு வழக்கம்போல உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. கால் மட்டும் இறங்கி நடந்தது. போகிற வழியில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது, கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அக்காவுக்குத் தன் குரல் தெரியக் கூடாது. தொண்டையைக் கனைத்து, குரலைத் தடிமனாக்கிக்கொண்டு, மலையாளத்திலேயே கத்தினான்.

"வாதில் தொறக்கு. போலீஸ்."

ரெய்டு என்றால் எந்த வீட்டிலும் கதவு லேசில் திறக்காது. உள்ளே ஓட்டமும் குசுகுசுப்பும் கேட்கும், பூட்ஸ் காலால் நாலு உதை விழும், பிறகுதான் திறக்கும். இங்கே உடனே தாழ்ப்பாள் விழுந்தது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, வற்றிப்போன முகத்தோடு கமலாத்தாள் நின்றாள்.

"வந்துட்டியா சாமி" என்றாள்.

அவன் என்ன சொல்லிக் கத்தினான் என்பதை அவள் காதில் வாங்கவே இல்லை. குரல் மட்டும் விளங்கியிருக்கிறது. மச்சான் செத்து இத்தனை நாள் கழித்துத் தம்பி வந்துவிட்டான் என்று ஓடிவந்து திறந்திருக்கிறாள். அவனைக் கட்டிக்கொண்டு அழக் கையை நீட்டினாள். அவன் தோளை இடித்துத் தள்ளிக்கொண்டு நாலு பேர் பூட்ஸ் காலோடு உள்ளே நுழைந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டி முழக்க எனக்கு மனசில்லை. சின்னையன் படுத்திருந்த இடத்தில் கருமாதி வரைக்கும் அணையாமல் எரிய வேண்டிய விளக்கை ஒரு பூட்ஸ் கால் எத்திவிட்டது. எண்ணெய் தரையெல்லாம் ஓடியது. பாத்திரம் பண்டங்கள் வாசலுக்குப் பறந்தன. துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த வயசான பெண்களை மயிரைப் பிடித்து எழுப்பினார்கள். மாட்டுக் கொட்டகையிலிருந்து சின்னையனின் தம்பி ஈஸ்வரமூர்த்தி ஓடிவந்தான்.

"செத்த ஊட்டுல செருப்போட நொழையறீங்களே, இது நாயமுங்களா?"

நியாயம் கேட்ட வாயிலேயே முதல் அடி விழுந்தது. விழுந்தவனை மூன்று பேர் சூழ்ந்துகொண்டு மிதித்தார்கள். அடியே தேவலை என்று சொல்லும்படி இருந்தது அவர்கள் பேசிய பேச்சு. ஆறுச்சாமி தூணோடு தூணாக நின்றான். மொடாவை எடுத்து வா என்றார் எஸ்.ஐ. இருட்டு அறையில் எந்த மூலை என்று அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். எடுத்து வந்தான். சாக்கில் கொட்டு என்றார். கொட்டினான்.

கமலாத்தாள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. மற்ற போலீஸ்காரர்கள் பக்கம் அவள் திரும்பவே இல்லை, இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு, அது உன்ற மச்சானுக்கு ஊரு போட்ட அரிசி" என்றாள்.

ஜீப்பில் அரிசியும் போயிற்று, அண்ணனுக்குக் கொள்ளிவைத்த ஈஸ்வரமூர்த்தியும் போனான். ஸ்டேஷனில் கேஸ் ஜோடித்தார்கள். கோபாலபுரம் ரோட்டில் வண்டியில் அரிசி கடத்தி வந்தவனை வழிமறித்துப் பிடித்ததாகக் கதை. வீட்டுக்குள் நுழைந்த பேச்சே கிடையாது. துணைக்குச் சாட்சி யார் என்றால், பிடித்த போலீஸ்காரன் ஆறுச்சாமி.

மறுநாள் மத்தியானம் அவன் குவார்ட்டர்ஸுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான். அக்கா வீட்டில் நடந்ததைச் சம்சாரம் சரஸ்வதியிடம் இன்னும் சொல்லவில்லை, எந்த வாயால் சொல்வது? அவள் சோறு போட்டாள். ஒரு வாய் வைத்தான். பாதி குழைந்து கூழாக இருந்தது, பாதி பல்லில் நறநறத்தது.

"என்ன சோறு இப்பிடி வெந்திருக்குது?"

"நானென்ன பண்றதுங்க. ஸ்டேசன்ல இருந்து எல்லா ஊட்டுக்கும் அரிசி கொடுத்தனுப்பிச்சாங்க. நமக்கும் ஒரு பை வந்துச்சு. குண்டரிசி, சன்னரிசி, புழுங்கல், பச்சை, அல்லாம் ஒண்ணாக் கெடக்குது. ஒண்ணு வெந்தா ஒண்ணு வேகறதில்லைங்க. இப்பிடிக் கலப்பு அரிசியெ எங்கதான் புடிச்சாங்களோ" என்றாள் சரஸ்வதி.

அவனுக்கு அந்த வாய்ச் சோறு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. எந்தக் கடையிலும் இந்த அரிசி கிடைக்காது. நூறு வீட்டுப் பானையிலிருந்து நூறு பேர் அள்ளிவந்து ஒரே மொடாவில் போட்டால்தான் இப்படி இருக்கும். முற்றத்துக்கு ஓடிப்போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். பிறகு அங்கேயே உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். சரஸ்வதி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணனுக்குப் போட்ட அரிசிங்களா இது? அதையா நானு நம்ம புள்ளைகளுக்குப் போட்டேன்?" என்று விக்கி விக்கி அழுதாள். அழுது முடித்து எழுந்து, மிச்ச அரிசியை ஒரு வேட்டித் துணியில் கட்டி வைத்தாள்.

கருமாதியன்றைக்கு ஆறுச்சாமி வேட்டி கட்டிக்கொண்டு, தலையில் அரிசி மூட்டை, கையில் கோடிச் சேலையோடு போனான். வாசலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் ஒருத்தரும் எழவில்லை, வா என்று ஒரு சொல் இல்லை. கொள்ளிவைத்த தம்பி சப்-ஜெயிலில் இருந்ததால் காரியத்தை ஒரு பங்காளி செய்துகொண்டிருந்தார். கோடிக்கும் மாற்று ஏற்பாடு செய்திருந்தார்கள். கமலாத்தாளுக்குப் பெரியப்பன் மகன் பெரியமுத்து என்று ஒருவர் உண்டு, அவர் கையில் இன்னொரு வெள்ளைச் சேலை இருந்தது.

"இவன் போட்ட கோடியெ நீ கட்டுனியின்னா, நாங்க கையெ நனைக்காமப் போயிருவோம் அம்மிணி" என்றார் பெரியமுத்து. மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள்.

கமலாத்தாள் இரண்டு சேலையையும் பார்த்தாள். தம்பியையும் பார்த்தாள்.

"உங்க சேலையெ மடிச்சு வெய்யிங்கண்ணா. கூடப்பொறந்தவன் உசுரோட இருக்கறப்ப நானெதுக்கு அடுத்த கோடி கட்டோணும்?" என்றாள். ஆறுச்சாமி ஓரடி முன்னால் வந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "நீயும் என்ற மேல போட வேண்டாம். அந்த மொறத்துல வெச்சுட்டுப் போ. ஈஸ்வரன் கேசுல நீதான் சாட்சியாமா. அன்னைக்கு நீ என்ன சொல்றயோ அதெப் பொறுத்து இந்தச் சேலையெ நானு கட்டறதும் கட்டாததும்."

சேலையை முறத்தில் வைத்தான். அரிசி மூட்டையைப் பக்கத்தில் இறக்கினான். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி நடந்தான்.

கேஸ் வர மாசி கடந்து பங்குனி ஆனது. அத்தனை நாளும் கமலாத்தாள் பழைய சேலையையே துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். இது என்ன பழக்கம், தாலியை இறக்கிவிட்டுக் கோடி கட்டாமல் ஒருத்தி நடமாடுவாளா என்று ஊரில் பேசாத வாயில்லை. அவள் காதில் வாங்கவே இல்லை. இங்கே எஸ்.ஐ. சாட்சிக்காரனைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். எந்த ரோடு, எந்த வளைவு, வண்டியில் எத்தனை மாடு. பிசகினால் உடுப்பும் இருக்காது, குவார்ட்டர்ஸும் இருக்காது என்று தோளில் தட்டிக் கொடுத்தார்.

கோர்ட்டுக்குக் கிளம்பிய அன்றைக்குச் சரஸ்வதி அவன் தொப்பியைத் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு புள்ளைக இருக்குது, வேலை போச்சுன்னா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியிலீங்க. பயமாத்தான் இருக்குது. ஆனா அந்தப் பொய்யச் சொல்லிப்போட்டு வந்தீங்கன்னா, சோறு போடுவேன். மூஞ்சியப் பாத்துப் போடமாட்டேன்" என்றாள்.

சித்தூர் கோர்ட்டு வராந்தாவில் அவன் மற்ற போலீஸ்காரர்களோடு நின்றுகொண்டிருந்தான். எஸ்.ஐ. கண்ணாலேயே அவனைக் கட்டி வைத்திருந்தார். என்ன சொல்வது என்று அப்போதுவரை அவன் முடிவு பண்ணியிருக்கவில்லை. இதை அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான். கூண்டில் ஏறினால் ஏதோ ஒன்று வாயில் வரும், அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் நின்றிருக்கிறான். அப்போது பஸ்ஸிலிருந்து இறங்கிக் கேட்டைத் தாண்டி கமலாத்தாள் வந்தாள். அவள் மேலே வெள்ளைச் சேலை. கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை, கஞ்சி மொடமொடவென்று நின்றது. அவன் பொள்ளாச்சியில் எடுத்த சேலை. அவனைப் பார்த்தாள், போய்ப் பெஞ்சியில் உட்கார்ந்தாள்.

அவன் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. இன்னும் நான் வாயே திறக்கவில்லையே, இவள் எந்த நம்பிக்கையில் இதைக் கட்டிக்கொண்டு வந்தாள் என்று நினைத்துக்கொண்டான். அதற்குள் அவன் பேரைக் கூப்பிட்டார்கள்.

அரிசியை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார் சர்க்கார் வக்கீல்.

"ரோட்டுல புடிக்கலைங்க. பெருமாட்டியில என்ற அக்கா ஊட்டுல எடுத்தோம். எழவு விழுந்த ஊடுங்க அது. கருமாதிக்குன்னு ஊரு ஒறமுறை கொண்டாந்து போட்ட அரிசி. கதவைத் தொறக்கச் சொல்லிக் கத்துனது நானு. சாக்குல கொட்டுனதும் நானு. ஈஸ்வரமூர்த்திய அடிச்சுத்தான் கூட்டியாந்தாங்க, நானு பாத்துட்டு நின்னேன். அந்த அரிசி போலீசு குவார்ட்டர்சுல வெந்துச்சுங்க. என்ற ஊட்டு அடுப்புலயும் வெந்துச்சு."

வக்கீல் கையிலிருந்த காகிதத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றினார். இப்படிச் சொன்னால் உனக்கு என்ன ஆகும் தெரியுமா என்று நிதானமாகக் கேட்டார்.

"தெரியுமுங்க."

ஈஸ்வரமூர்த்தியை விட்டுவிட்டார்கள். ஆறுச்சாமியை அந்த வாரமே சஸ்பெண்ட் செய்தார்கள், பிறகு வேலையும் போயிற்று. எஸ்.ஐ.யை விசாரித்து என்ன செய்தார்கள் என்றால், வேறு ஊருக்கு மாற்றினார்கள். கேட்டால் பற்றிக்கொண்டுதான் வருகிறது, என்ன செய்ய. ஆறுச்சாமி மறுபடியும் அக்கா வீட்டுத் தென்னைக்குத் தண்ணீர் கட்டப் போனான். ஈஸ்வரமூர்த்தி அவனோடு பேச ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. வேலை போனதற்காக ஆறுச்சாமி அழுது யாரும் பார்த்ததில்லை, அந்தக் கதவைத் தட்டியதை நினைத்து அழுததைப் பார்த்தவர்கள் உண்டு.

அதெல்லாம் பிந்திய சங்கதி. அன்றைக்குக் கோர்ட்டை விட்டு இறங்கி, அக்காவும் தம்பியும் பஸ் நிற்கிற புளியமரத்தடியில் நின்றார்கள். அவன்தான் முதலில் கேட்டான்.

"நானு என்ன சொல்லப்போறேன்னு தெரியாமயே கட்டீட்டு வந்துட்டியேக்கா. மாத்திச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

கமலாத்தாள் தலைப்பை எடுத்து அவன் முகத்து வேர்வையைத் துடைத்தாள்.

"இதே சேலையோட உனக்கும் சேத்து அழுது முடிச்சுட்டு ஊட்டுக்குப் போயிருப்பேன். பஸ்ஸு வருது பாரு, ஏறு" என்றாள்.